தனோசுகேவின் கால்

எங்கள் பட்டறைக்குக் கால் அளவு கொடுக்க வருகிறவர்களோடு துணைக்கு வரும் மச்சானோ சித்தப்பாவோ தவறாமல் சுதா சந்திரன் பேரை எடுத்துவிடுவார்கள். "அந்தம்மா ஆடலியா? நீ இன்னாத்துக்கு இடிஞ்சி போய் உக்காந்திருக்க?" 1981இல் திருச்சிப் பக்கம் விபத்தில் கால் போய், ஜெய்ப்பூர் கால் மாட்டிக்கொண்டு 1984இல் மறுபடி மேடையேறியவர் அவர். அந்த அம்மாள்மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் தையல் பிரித்த தழும்புகூடக் காயாத மனுஷனிடம் அந்தப் பேரைச் சொல்லும்போது அவன் முகம் போகிற போக்கைப் பக்கத்திலிருந்து பார்க்கிறவன் நான். ‘ஓகோ, இனி நான் ஆடியும் காட்டணுமா?’ என்று இருக்கும் அந்த முகம்.

எனக்கு வேலை செயற்கைக் கால் செய்வது. பட்டறை புதுச்சேரியில், வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று பஸ் நின்று நின்று போகும்போது போனில் எதையாவது படித்துக்கொண்டு போவேன். அப்படிப் படித்ததில் மனதில் உட்கார்ந்துவிட்டவன் ஒருத்தன்: மூன்றாம் சவாமுரா தனோசுகே. ஜப்பான்காரன், கபுகி நடிகன். பெண் வேஷம் கட்டுகிறவன். 1845இல் பிறந்து 1878இல் செத்தான். முப்பத்துமூன்று வயது. யாருக்கும் தைரியம் சொல்ல உதவாத கதை. அதனால்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

இவனைப் பற்றி எனக்கு முதலில் சொன்னது காலாப்பட்டு பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்த சிநேகிதன். எங்களிடம் கால் செய்ய வந்த ஒரு கூத்து வாத்தியாரைப் பற்றி அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். வாத்தியாரும் பெண் வேஷக்காரர்தான். அவர் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். "அப்ப நீ தனோசுகேவப் படிச்சே ஆகணும்" என்றான்.

கபுகியில் பெண்கள் மேடையேறக் கூடாது என்று 1629இல் அரசாங்கம் தடை போட்டது. அப்புறம் இளம் பையன்கள் பெண் வேஷம் கட்டினார்கள். அதிலும் வம்பு வந்து 1652இல் பையன்களுக்கும் தடை. கடைசியில் முன்மயிர் மழித்த வளர்ந்த ஆண்கள்தான் ஆடலாம் என்று ஆயிற்று. மழித்த அந்த இடத்தை மறைக்கப் பெண் வேஷக்காரர்கள் ஊதாப் பட்டுத் துணி ஒன்றை நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். மறைக்கப் போட்ட துணியே நாளடைவில் அலங்காரமாகிவிட்டது. இப்படிப் பெண் வேஷம் கட்டுகிறவர்களுக்கு அங்கே ஒன்னகாதா என்று பேர். நம்ம ஸ்பெஷல் நாடகத்து ஸ்திரீபார்ட் போல என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே அது குலத்தொழில். பேரே பரம்பரையாக வரும். தனோசுகே என்பதும் அப்பன் வைத்த பேர் அல்ல, 1859இல் பட்டம் போலச் சூட்டிக்கொண்டது. அதற்கு முன் அந்தப் பேரோடு இரண்டு பேர் இருந்ததால் இவன் மூன்றாம் தனோசுகே. அப்பா ஐந்தாம் சவாமுரா சோஜூரோ. அவரும் நடிகர்தான்.

பதினாறு வயதில் எடோ நகரத்து மொரிதா-சா அரங்கத்தில் தலைமைப் பெண் வேஷக்காரன் ஆகிவிட்டான். எடோ என்பது இன்றைய தோக்கியோ. அனுமதி பெற்ற பெரிய அரங்கங்கள் அங்கே மூன்றுதான். மூன்றும் அசாகுசா பக்கம் ஒரே பேட்டையில் இருந்தன. அவற்றில் ஒன்றில் பதினாறு வயதுப் பையன் முதல் நாயகி. நம் ஊரில் பதினாறு வயதில் கூத்தில் சேர்ந்தால் திரை பிடிக்கத்தான் விடுவார்கள்.

ஊரே அவன் பின்னால் போயிருக்கிறது. தனோசுகே கொண்டை, தனோசுகே கழுத்துப்பட்டி, தனோசுகே மரச்செருப்பு என்று கடைகளில் சாமான் விற்றது. வாங்கினவர்கள் பெண்கள். ஆண் ஒருவன் பெண்ணாக நடித்ததைப் பார்த்துப் பெண்கள் தங்கள் கொண்டையை மாற்றிக்கொண்டார்கள். குனிச்சிகா போன்ற மரக்கட்டை அச்சுப் படக்காரர்கள் அவன் முகத்தைப் போட்டு விற்றுத் தீர்த்தார்கள். அந்தப் படங்களை நீங்களும் தேடிப் பார்க்கலாம். நீள முகம், சின்ன வாய். கண்ணில் கொஞ்சம் திமிர் தெரியும்.

திமிர் என்று நான் சும்மா சொல்லவில்லை. 1864இல் கவதாகே மொகுவாமி என்ற நாடகாசிரியர் இவனுக்காகவே ஒரு பாத்திரம் எழுதினார். பேர் ஓதோமி. பணக்காரன் ஒருவனின் வைப்பாட்டி. இன்னொருவனோடு பழகியது தெரிந்து அந்தப் பணக்காரன் அவள் உடம்பெல்லாம் கத்தியால் கீறிவிடுகிறான். அவள் சாகவில்லை. உடம்பு முழுக்கத் தழும்போடு பிழைத்து, பிற்பாடு அவனிடமே போய் மிரட்டிப் பணம் கேட்கிறாள். இதற்கு முன்னால் 1853இல் இதே கதையை ஆண் பாத்திரத்துக்கு எழுதி இன்னொருவர் புகழ் வாங்கியிருந்தார்; அதில் கீறல் படுகிறவன் காதலன். மொகுவாமி அதை அப்படியே புரட்டிப் போட்டுத் தழும்பைப் பெண்ணுக்குக் கொடுத்தார். குனிந்த தலை நிமிராத இளவரசி வேஷம் கட்டுகிறவனுக்கு இதைக் கொடுக்க மாட்டார்கள். கெட்டிக்காரி, ரவுடிப் பெண், வாயாடி என்று தனோசுகேவுக்கு வந்த வேஷங்களின் ஜாடை இது. உடம்பெல்லாம் வெட்டுத் தழும்பு வரைந்துகொண்டு ஆடியபோது அவனுக்கு இன்னும் இருபது வயது ஆகவில்லை. மூன்று வருஷத்தில் நிஜக் கத்தி வந்தது.

காலில் அழுகல். நம்ம பாஷையில் காலு கறுத்துப்போச்சு என்போம். ஏன் வந்தது என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். அதற்குள் நான் போகவில்லை. ஆனால் எங்கள் பட்டறையில் இருந்து பார்க்கிறவனுக்கு ஒன்று தெரியும். விபத்தில் காலை இழந்தவனுக்கு மிச்ச உடம்பு நல்ல உடம்பு. ரத்த ஓட்டம் நின்று காலை இழந்தவனுக்கு எடுத்தது ஒரு கால், பயம் இரண்டு காலுக்கும். சர்க்கரைக்காரர்கள் வந்து உட்காரும்போது நான் முதலில் பார்ப்பது எடுத்த காலை அல்ல, இருக்கிற காலை. விரல் இடுக்கில் புண் இருக்கா, குதிகால் வெடிப்பு இருக்கா, செருப்பு கடிக்குதா. தனோசுகேவின் கதை முழுக்க இந்தப் பயம்தான்.

1867. யோகோஹாமாவில் ஹெப்பர்ன் என்று ஓர் அமெரிக்க மிஷனரி டாக்டர் இருந்தார். 1859இல் ஜப்பானுக்கு வந்தவர். ஜப்பானிய வார்த்தைகளை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுவதற்கு இன்றைக்கும் உலகம் முழுக்க நடப்பில் இருப்பது அவர் பேரில் இருக்கிற முறைதான். அவருடைய ஜப்பானிய-ஆங்கில அகராதி வெளிவந்ததும் அதே 1867இல். அந்த வருஷம்தான் எடோவின் மகா நடிகன் ஒருவன் யோகோஹாமா போய் அவர் கையில் இடது காலைக் கொடுத்தான். மயக்க மருந்து கொடுத்து வெட்டினார்கள். சுற்றிலும் நாடே ஆட்டம் கண்டுகொண்டிருந்த நேரம்: அந்த வருஷ முடிவுக்குள் தொகுகாவா ஷோகுன் ஆட்சியை ஒப்படைத்துவிட்டார், மறு வருஷம் எடோவின் பேர் தோக்கியோ ஆனது. இன்னொரு பொருத்தம், எனக்காகச் சொல்லிக்கொள்கிறேன்: நம்ம சங்கரதாஸ் சுவாமிகள் பிறந்ததும் 1867. அவரும் கடைசிக் காலத்தில் பக்கவாதத்தில் கைகால் விழுந்து, வாய் பேச முடியாமல், அப்போதும் நாடகக் குழுவோடு ஊர் ஊராகப் போனவர். 1922இல் புதுச்சேரியில்தான் உயிர் போனது. சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது.

இனி என் தொழில் பேசுகிறேன். நாடகப் பிரியர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

தனோசுகேவுக்கு அமெரிக்காவிலிருந்து கால் வந்தது. நியூயார்க் செல்ஃபோ கம்பெனிக் கால். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுச் சண்டை நடந்து பல்லாயிரம் பேர் கைகால் இழந்திருந்தார்கள். அதனால் செயற்கைக் கால் தொழில் அங்கே கொடிகட்டிப் பறந்த நேரம் அது. செல்ஃபோ சண்டைக்கு முன்பிருந்தே இந்தத் தொழிலில் இருந்தவர். இங்கிலாந்தில் ‘ஆங்கிள்சி கால்’ என்று ஒரு வகை இருந்தது. 1815இல் வாட்டர்லூவில் காலை இழந்த ஒரு பிரபுவுக்காகச் செய்தது. மரக் கால். முட்டியிலிருந்து கணுக்கால் வரை உள்ளே நரம்புக் கயிறு ஓடும். முட்டி மடங்கினால் பாதத்தின் முன்பக்கம் தானாகத் தூக்கிக்கொள்ளும், தரையில் இடறாது. அந்த வகையை நியூயார்க்குக்குக் கொண்டுபோய் விற்றவர் இந்த செல்ஃபோ. எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பாருங்கள் என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

ஆனால் அந்தக் கால் யாருக்காக யோசித்தது? பூட்ஸ் போட்டு நடந்து, நாற்காலியில் உட்கார்ந்து, குதிரை ஏறுகிறவனுக்காக. தனோசுகே வாழ்ந்தது பாயில். வீட்டில் செருப்பு கிடையாது. உட்காருவது என்றால் முட்டி போட்டு, பாதத்தைப் பின்பக்கம் நீட்டி, குதிகால்மேல் உட்காருவது. மேடையில் பெண் வேஷக்காரன் பாதி நேரம் அப்படித்தான் இருப்பான். எழுந்தாலும் நேராக நிற்கக் கூடாது; முட்டியை லேசாக மடித்து, இரண்டு முட்டியையும் சேர்த்து, பாதத்தை உள்பக்கம் திருப்பி, கிமோனோ விலகாமல் சின்னச் சின்ன அடியாக வைக்க வேண்டும். முட்டிகளுக்கு நடுவே ஒரு தாளை வைத்து, அது விழாமல் நடக்கப் பழக்குவார்களாம். செயற்கைக் காலில் நடக்கிறவனுக்கு நாங்கள் சொல்லிக்கொடுப்பதற்கு நேர் எதிர் இது. நாங்கள் "காலை அகட்டி வைங்க, குதிகால் முதல்ல ஊனுங்க, நிமிந்து நில்லுங்க" என்போம். முட்டியை மடித்துச் சின்ன அடி வைத்தால் வெட்டி மிஞ்சின காலின் (ஸ்டம்ப் என்போம்) முனையில் பாரம் ஏறும், அதைச் செருகுகிற கிண்ணத்தின், அதாவது சாக்கெட்டின், விளிம்பு தோலைக் கடிக்கும். தனோசுகே அந்தக் காலைக் கட்டிக்கொண்டு மேடையேறினான் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறார்கள். அந்த ஒரு வரிக்குள் இருக்கிற தோல் புண்ணையும் ரத்தத்தையும் எங்களை மாதிரி ஆட்கள்தான் பார்க்க முடியும்.

இங்கேதான் இன்னொருவர் வருகிறார். மத்சுமோதோ கிசாபுரோ. பொம்மைக்காரர். நிஜ மனுஷன் என்று ஆள் ஏமாந்துபோகிற அளவுக்கு உயிர்ப் பொம்மை செய்து அசாகுசாவில் காட்சிக்கு வைத்தவர். அவரும் தனோசுகேவுக்கு ஒரு கால் செய்து கொடுத்திருக்கிறார். இதைப் படித்ததும் எனக்கு ராம் சந்திர சர்மாதான் நினைவுக்கு வந்தார். ஜெய்ப்பூர் கால் என்றால் எல்லாரும் டாக்டர் சேத்தியைச் சொல்வார்கள், மகசேசே விருதும் அவருக்குத்தான் வந்தது. அவரோடு சேர்ந்து கையால் அதை வடித்தவர் சர்மா, சிற்பவேலைக்காரர், பெரிய படிப்பு இல்லாதவர். அதுவரை நம் நாட்டில் கொடுத்துக்கொண்டிருந்த வெளிநாட்டுப் பாதத்தை வைத்துக்கொண்டு குந்தவும் முடியாது, சம்மணம் போடவும் முடியாது, செருப்பில்லாமல் வயலில் இறங்கவும் முடியாது. 1968 வாக்கில் இவர்கள் ரப்பரில் பாதம் செய்தார்கள். எல்லாப் பக்கமும் வளையும், விரல் தெரியும், வெறும் காலோடு சேற்றில் நடக்கலாம். தரையில் உட்காருகிற ஜனங்களுக்குத் தரையில் உட்காருகிற ஒருவர் செய்த கால். பொம்மைக்காரரும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறேன். கிமோனோவுக்குக் கீழே எட்டிப் பார்க்கிற ஜப்பானியப் பாதம் எப்படி இருக்கணும் என்று நியூயார்க்காரனுக்குத் தெரியாது, இவருக்குத் தெரியும்.

பிறகு நடந்தது நான் பயந்ததுதான். நோய் நிற்கவில்லை. வலது காலும் போனது. அதோடு விடாமல் கைகளிலும் கத்தி பட்டது. அப்படியும் ஆடினான். இதைத்தான் ‘தளராத தன்னம்பிக்கை’ என்று தலைப்புப் போட்டு வாட்ஸாப்பில் அனுப்புவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டால் மட்டும் மேடை நடக்காது. கபுகி மேடையைப் பாருங்கள். கறுப்புத் துணி போட்ட ஆட்கள் மேடையிலேயே நடமாடுவார்கள். அவர்களை ‘இல்லை’ என்று வைத்துக்கொள்வது பார்வையாளர்களுக்கும் நடிகர்களுக்கும் ஒப்பந்தம். நடிகனின் உடையைச் சரிசெய்வார்கள், கையில் சாமானைக் கொடுப்பார்கள், முதுகுக்குப் பின்னால் சின்ன முக்காலியைச் செருகுவார்கள். நிற்கிற மாதிரி தெரிகிற ஆள் பல நேரம் உட்கார்ந்துதான் இருக்கிறார். வட்ட மேடை சுழலும். நடிகன் ஓரடி வைக்காமல் காட்சி மாறும். கீழறையிலிருந்து தூக்கிவிடும் பொறி இருக்கிறது. பல்லக்கு இருக்கிறது. ஒரு பெண் வேஷக்காரன் உட்கார்ந்த இடத்திலேயே கழுத்தாலும் தோளாலும் குரலாலும் ஒரு காட்சியை முழுசாகத் தூக்கிவிட முடிகிற கலை அது. கால் இல்லாதவனுக்கு இதைவிட வசதியான மேடை உலகத்தில் வேறு எங்கே இருந்திருக்கும்? எழுத மொகுவாமி இருந்தார், வெட்ட ஹெப்பர்ன் இருந்தார், செய்ய கிசாபுரோ இருந்தார், தாங்க கறுப்புத் துணிக்காரர்கள் இருந்தார்கள். இவன் நடித்தான். பிடிவாதமும் இருந்திருக்கும், இல்லை என்று சொல்லவில்லை.

1872 தொடக்கத்தில் மொகுவாமி எழுதிய நாடகத்தோடு மேடையிலிருந்து விடைபெற்றான். மனநிலை கெட்டு 1878 ஜூலையில் இறந்தான். அவனுக்கு ஒரு வயது மூத்த ஐந்தாம் கிகுகோரோவும், ஏழு வயது மூத்த ஒன்பதாம் தன்ஜூரோவும் 1903 வரை இருந்து, பேரரசர் முன்னால் நடித்து, 1899இல் சினிமாப் பெட்டிக்கு முன்னாலும் ஆடினார்கள். அந்தப் படத் துண்டு இன்றைக்கும் இருக்கிறது. காற்று பலமாக அடித்து தன்ஜூரோ விசிறியைத் தவறவிடுவது வரை தெரிகிறது. தனோசுகே அந்தப் பெட்டி வருவதற்கு இருபது வருஷம் முன்னாலேயே போய்விட்டான்.

இப்போது நம்ம வாத்தியார்.

பாகூர் பக்கத்துக் கிராமம். திரௌபதி வேஷம், பொன்னுருவி வேஷம். சர்க்கரையில் வலது கால் முட்டிக்குக் கீழே எடுத்தாயிற்று. முதல் நாள் வந்தபோது எல்லாரையும் கேட்கிற மாதிரி அவரையும் கேட்டேன், "கால் வந்தா முதல்ல இன்னா செய்யணும் உங்களுக்கு?" பெரும்பாலும் "பாத்ரூம் தனியா போவணும்", "பைக் ஓட்டணும்", "ரேஷன் கடைக்கிப் போவணும்" என்பார்கள். இவர், "கிறிக்கி அடிக்கணும் தம்பி" என்றார்.

கூத்து பார்க்காதவர்களுக்கு: கிறிக்கி என்பது நின்ற இடத்தில் சுழல்வது. திரௌபதி துகிலுரியும் இடத்தில், போருக்குக் கிளம்பும் இடத்தில், முகவீணையும் மத்தளமும் ஏறும்போது வேஷக்காரர் சுற்ற ஆரம்பித்தால் பாவாடை குடையாக விரியும். வாத்தியார் ஆயுசு முழுக்க வலது காலை ஊன்றிச் சுற்றினவர். ரப்பர் பாதம் மண் தரையில் ஒட்டிக்கொள்ளும், திரும்பாது. உடம்பு திரும்ப, பாதம் நிற்க, அந்த முறுக்கு எல்லாம் சாக்கெட்டுக்குள் தோலில் போய் இறங்கும். ஒரு ராத்திரி ஆடினால் மறுநாள் காலை தோல் உரிந்திருக்கும். சர்க்கரைக்காரருக்குத் தோல் உரிந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் இடது காலை ஊன்றி எதிர்ப்பக்கம் சுற்றப் பழகச் சொன்னேன். சரி என்றார். கூத்துச் செட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. "எடவலமா சுத்துனா அம்மனுக்கு ஆவாது" என்று ஆர்மோனியக்காரர். "எதிர்ல சொழண்டா நாங்க மோதிக்குவோம்" என்று துரியோதனன் வேஷக்காரர். இரண்டாவது நியாயமான பிரச்சினை. கடைசியில் துரியோதனன் தான் நிற்கிற இடத்தை மாற்றிக்கொண்டார். அம்மன் விஷயத்தை வாத்தியாரே பேசி முடித்துவிட்டார், எப்படி என்று என்னிடம் சொல்லவில்லை.

அடுத்தது சலங்கை. கணுக்காலில் கட்டினால் அந்த பாரம் முழுக்கக் காலின் அடிமுனையில். ஒவ்வொரு அடிக்கும் சாக்கெட் கீழே இழுபடும், ஸ்டம்ப் உள்ளே மேலும் கீழும் உரசும். முட்டிக்கு மேலே ஒரு வார்ப்பட்டை போட்டு இறுக்கினேன். சலங்கையில் பாதியைப் பிரித்துக் கெண்டைக்காலுக்கு ஏற்றினேன். சத்தம் கொஞ்சம் மாறிவிட்டது என்று மத்தளக்காரர் குறைப்பட்டார். எனக்குக் கேட்கவில்லை.

சாக்கெட் காய்கிற நேரத்தில் ஒரு நாள் வாத்தியாருக்குத் தனோசுகே கதையைச் சொன்னேன். தலைப்பில்லாமல், அறிவுரை இல்லாமல், நடந்ததை நடந்தபடி. போனில் குனிச்சிகா படத்தையும் காட்டினேன். படத்தைப் பெரிசாக்கிப் புருவத்தையும் உதட்டையும் வெகுநேரம் பார்த்தார். ஈயம் கலந்த வெள்ளையைத்தான் அந்தக் காலத்து நடிகர்கள் முகத்திலும் கழுத்திலும் அப்பினார்கள், அதில் பலருக்குக் கைகால் நடுக்கம் வந்தது, 1930களில்தான் அதை நிறுத்தினார்கள் என்றேன். "நாங்க மட்டும் இன்னா, அரிதாரக் கல்ல எழச்சிப் பூசுனவங்கதான் எங்க நைனாலாம்" என்றார். அரிதாரக் கல்லில் இருப்பது ஆர்சனிக். இப்போது எல்லாரும் டப்பா பவுடருக்கு மாறியாச்சு.

எல்லாம் கேட்டு முடித்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "அந்தாளுக்குக் கையும் போயிடிச்சின்றியே, மொகம் யாரு எழுதுனது?"

பெண் வேஷக்காரன் தன் முகத்தைத் தானே எழுதிக்கொள்வது கபுகியிலும் வழக்கம், கூத்திலும் வழக்கம். நான் இத்தனை நாள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குக் கை முதலில் தெரிந்திருக்கிறது. பதில் என்னிடம் இல்லை. "பக்கத்துல ஆள் இருந்திருப்பாங்க வாத்தியாரே" என்றேன். "இருந்தாலும் அது வேற மொகமா இல்ல ஆயிடும்" என்றார்.

சித்திரையில் ஒரு திரௌபதி அம்மன் கோயில் கூத்துக்கு வெற்றிலைபாக்கு வாங்கிவிட்டார். விடிய விடிய முழு வேஷம் இல்லை, துகிலுரிதல் வரைக்கும் அவர், அதற்கு மேல் அவர் மருமகன். நடுவில் உட்கார பெஞ்சு போடச் சொல்லியிருக்கிறார். ஸ்டம்ப் சுருங்கிவிட்டதால் அதற்குள் புது சாக்கெட் ஒன்று வார்க்க வேண்டும். மாக்கட்டு (பிஓபி) போட்டு அளவு எடுத்தாயிற்று.

போன வாரம் வந்தவர் மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே ஒரு ஜோடி மெட்டி. ரப்பர் பாதத்தில் விரல்கள் ஒட்டித்தான் வார்த்திருக்கும். இரண்டாவது விரலைச் சுற்றிப் பிளேடால் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மெட்டி உட்காரும்படி பள்ளம் எடுத்துக் கொடுத்தேன். மாட்டி, வேட்டியைக் கொஞ்சம் தூக்கி, இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்.

"மெட்டி சரியா கீது. ஆனா கலர்தான் தம்பி, சினிமாக்காரி காலாட்டம் வெளுப்பா கீது. கொஞ்சம் கறுப்பு சேத்துக் குடு" என்றார்.